இப்ப பேசாம எப்ப பேசறது?

நேத்து நம்ம குரூப்ல நடந்ததைப் பாத்திருப்பீங்க. இங்க அமெரிக்காவுல, டெக்சாஸ்ல ஆலன் மால்ல நடந்த துப்பாக்கிச் சூடு விஷயமா நான் துப்பாக்கிச் சட்டம் பத்தி நாலு வரி போட்டேன். உடனே ஒரு அண்ணா, "இது துக்கப்பட வேண்டிய நேரம், அரசியல் பண்ணாதீங்க சிஸ்டர்"னு போட, கீழ வரிசையா கும்பிடற இமோஜி. ராத்திரி பூரா தூக்கம் வரல.

துக்கம் எனக்கு இல்லையா? ஊர்லேருந்து யாரு வந்தாலும் நாம கூட்டிட்டுப் போற மால் அது, திரும்பிப் போறப்போ பெட்டியில வைக்க ஷூவும் ஹேண்ட்பேக்கும் அங்கதான் வாங்குவோம். 2023 மே 6, சனிக்கிழமை மத்தியானம் அங்க ஒருத்தன் 8 பேரைச் சுட்டுக் கொன்னுட்டான். அதுல மூணு பேர் குழந்தைங்க. ஹைதராபாத்லேருந்து வந்து இங்க வேலை பாத்த ஒரு பொண்ணும் போயிட்டா. நாம எல்லாரும் அழுதோம், சரி, ஆனா அழுதுட்டு எப்ப பேசறதுன்னு யாராவது ஒரு தேதி சொல்லுங்களேன்.

1996-ல ஆஸ்திரேலியாவுல போர்ட் ஆர்தர்ல துப்பாக்கிச் சூட்டுல 35 பேர் செத்தாங்க. 12 நாள்ல நாடு முழுக்க புதுச் சட்டத்துக்கு ஒத்துக்கிட்டாங்க, அதைப் பண்ணின பிரதமர் ஜான் ஹோவார்ட் இடதுசாரி கூட இல்ல. 2019-ல நியூசிலாந்து கிறைஸ்ட்சர்ச் மசூதிங்கள்ல 51 பேர், ஆறாவது நாள் அந்த மாதிரி துப்பாக்கிங்களுக்குத் தடை அறிவிச்சுட்டாங்க. அவங்க யாரும் துக்கம் ஆறட்டும்னு காத்திருக்கல.

இங்க என்ன ஆச்சு? 2022-ல இதே டெக்சாஸ்ல உவால்டே ஸ்கூல்ல 19 குழந்தைங்களையும் ரெண்டு டீச்சரையும் சுட்டவனுக்கு 18 வயசு. அவன் வச்சிருந்த மாதிரி செமி-ஆட்டோமேட்டிக் ரைஃபிள் வாங்கற வயசை 21 ஆக்கணும்னு ஒரு மசோதா. பிள்ளைங்களைப் பறிகொடுத்தவங்க மாநிலத் தலைநகர் ஆஸ்டின்ல நடுராத்திரி தாண்டியும் உக்காந்திருந்து சாட்சி சொன்னாங்க, அப்புறமும் சட்டசபைக் கமிட்டி நகரவே இல்ல. ஆலன் நடந்த ரெண்டாவது நாள், சட்டசபைக்குள்ளயே ஜனங்க நின்னு கத்தினாங்க, அன்னிக்குத்தான் 8-க்கு 5-ன்னு கமிட்டியைத் தாண்டுச்சு. மறுநாள் ராத்திரி மசோதாவை சபையில விவாதத்துக்கு எடுக்கறதுக்கான கெடு முடிஞ்சு போச்சு, மசோதாவும் செத்துப் போச்சு. உடனே கத்தினதால ஒரு அடி நகர்ந்துச்சு, லேட்டானதால செத்துச்சு. இதைத்தான் நான் நேத்து போட்டேன், இதுல எந்தக் கட்சிக்கு ஓட்டு கேட்டேன்?

மனநலம்தான் மூல காரணம்னு கவர்னர் அபாட்டும் டிவில சொன்னாரு, நீங்களும் சொல்றீங்க. மனசு சரியில்லாதவங்க எல்லா நாட்டுலயும் இருக்காங்க. ஆலன்ல சுட்டவன், 2008-ல ராணுவத்துல சேந்த சில மாசத்துலயே மனநலக் காரணத்தால வெளிய அனுப்பப்பட்டவன் கையில இத்தனை துப்பாக்கி எப்படி வந்துச்சு? எல்லாம் சட்டப்படி கிடைச்சதுதான்னு போலீஸே சொல்லுது.

துப்பாக்கி வச்சுக்கறது அரசியலமைப்பு உரிமைன்னு ஆரம்பிக்காதீங்க. 1994-லேருந்து 2004 வரைக்கும் இந்த மாதிரி துப்பாக்கிங்களுக்குத் தடை இருந்துச்சு, அப்பவும் இதே அரசியலமைப்புதான்.

நல்லவன் கையில துப்பாக்கி இருந்தா காப்பாத்துவான்னு ஒருத்தர். ஆலன்ல காப்பாத்தினாரு, அந்தப் போலீஸ்காரரைக் கையெடுத்துக் கும்பிடறேன். ஆனா உவால்டேல 370-க்கும் மேல போலீஸ் வந்தாங்க, 77 நிமிஷம் அவன் இருந்த வகுப்புக்குள்ள போகல. என் குழந்தை உயிர் அன்னிக்கு யாரு பக்கத்துல இருக்காங்கங்கறதைப் பொறுத்தா இருக்கணும்?

என் பொண்ணு கிண்டர்கார்டன் படிக்கறா. போன குளிர்காலத்துல ஸ்கூல்ல லாக்டவுன் டிரில், அதாவது துப்பாக்கிக்காரன் வந்தா ஒளிஞ்சுக்கற ஒத்திகை. லைட்டை அணைச்சு, கதவுலேருந்து தெரியாத மூலையில எல்லாரையும் நெருக்கி உக்கார வச்சு, மூச்சுச் சத்தம் கூட வரக்கூடாதுன்னு சொல்லிருக்காங்க. அன்னிக்கு ராத்திரி கஷாயம் குடுக்கறேன், டம்ளரைக் கையில வச்சுக்கிட்டு, "அம்மா, அந்த நேரத்துல எனக்கு இருமல் வந்துச்சுன்னா?"னு கேட்டா. பக்கத்துல உக்காந்திருந்த பிரெண்டு இவ வாயைக் கையால பொத்திக்கிட்டே இருந்தாளாம். நான் என்ன பதில் சொல்லணும்? நீங்க அப்பா அம்மாதானே, நீங்க என்ன சொல்வீங்க?

இன்னொருத்தர் தனியா மெசேஜ் போட்டிருக்கார், "உங்களுக்கு ஓட்டே கிடையாது, பொழைக்க வந்த இடத்துல எதுக்கு வம்பு"ன்னு. அதுதான் ரொம்ப வலிச்சுது. வரி கட்டறேன், என் புள்ளை இந்த ஊர் ஸ்கூலுக்குத்தான் போறா, அந்த மாலுக்கு நானும்தான் போறேன், குண்டு வந்தா விசா கேட்டுட்டா வரும்? எனக்கு ஓட்டு இல்ல, ஒத்துக்கறேன். உங்களுக்கு இருக்குல்ல அண்ணா? மசோதாவோட கெடு முடிஞ்ச அந்த செவ்வாய்க்கிழமை உங்க தொகுதி பிரதிநிதி ஆபீஸுக்கு ஒரு போன் போட்டீங்களா?

அந்த சட்டசபைக் கூட்டம் 2023 மே மாசத்தோட முடிஞ்சுது, அடுத்த வழக்கமான கூட்டம் 2025-லதான்னு ஆச்சு. ஆனாலும் நான் பேசிட்டேதான் இருப்பேன், குரூப்லேருந்து தூக்கறதுன்னா தூக்கிக்கோங்க.