நிழல் அளந்தது குற்றமா?

என் மகளின் வகுப்புப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் நடந்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் பொறுமையாக இருந்தேன். அவளுடைய அறிவியல் மிஸ்ஸிடம் பள்ளியில் விளக்கக் கடிதம் எழுதி வாங்கிவிட்டார்கள் என்று நேற்று கேள்விப்பட்ட பிறகு மனசு ஆறவில்லை.

ஆறாம் வகுப்புப் பிள்ளைகளை வெயிலில் நிறுத்தி, போர்ஷன் நடத்தாமல் பொழுதை ஓட்டினார். இதுதான் புகார். அவர் செய்தது என்ன? மைதானத்தில் ஒரு மீட்டர் குச்சியை நட்டு, நிழல் நுனியில் கல் வைத்துக்கொண்டே வரச் சொன்னார். பன்னிரண்டு மணிக்கு நிழல் காலடிக்குள் போய்விடும் என்று பிள்ளைகள் அடித்துச் சொல்லியிருக்கிறார்கள். நிழலோ ஒரு சாண் நீளத்துக்குத் தெற்கே கிடந்தது. ஜூலையில் திருச்சிக்கு உச்சிச் சூரியன் வடக்கே அல்லவா இருக்கும்! அதுவும் பன்னிரண்டோடு நிற்காமல், பன்னிரண்டு இருபது வரை குறுகிக்கொண்டே போயிருக்கிறது. நம் கடிகாரம் 82.5 டிகிரி தீர்க்கரேகையின் நேரத்தைக் காட்டுகிறது. நாம் அதற்கு மேற்கே இருப்பதால் உச்சிப்பொழுது பிந்தி வருகிறது. என் மகள் பையைக்கூடக் கழற்றாமல் கேட்டாள்: "அப்பா, நிழலே விழாத நாள் ஒண்ணு இருக்குமா?" இருக்கிறது. உச்சிப்பொழுதில் நிழல் விழாத நாள் திருச்சிக்கு ஏப்ரலில் ஒன்று, ஆகஸ்டில் ஒன்று. ஆகஸ்ட் எப்போது வரும் என்று காத்திருக்கிறாள். இதையா நேர விரயம் என்கிறீர்கள்?

வெயில் என்கிறார்கள். சிறப்பு விருந்தினர் வரும்வரை இதே பிள்ளைகளை இதே மைதானத்தில் நிற்க வைத்தபோது யாரும் வாய் திறக்கவில்லை. சரி, விடுங்கள்.

"பரீட்சையில் இது வருமா?" என்று ஒருவர் கேட்டிருந்தார். நான் பிளஸ் டூவுக்கு இயற்பியல் எடுப்பவன். ஒளி விலகலைச் சொல்லும் ஸ்நெல் விதியைப் பிசகாமல் எழுதும் பையனிடம், தண்ணீர் நிறைந்த வாளியின் அடி ஏன் மேலே தெரிகிறது என்று கேட்டேன். "சார், இது புக் பேக்கா, இன்டீரியரா?" என்றான். பாடத்தின் கடைசியில் அச்சிட்ட கேள்வியா, பாடத்துக்கு உள்ளிருந்து எடுத்ததா என்று அர்த்தம். கெட்டிக்காரப் பையன். யோசிப்பது தன் வேலை இல்லை என்று யாரோ அவனுக்குச் சின்ன வயதிலேயே சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். 2017இல் மாநில ரேங்க் அறிவிப்பை நிறுத்தினார்கள், எந்தப் பாடத்திலிருந்து எத்தனை மார்க்குக்குக் கேள்வி வரும் என்று முன்பே சொல்லும் ப்ளூபிரிண்ட்டையும் பிறகு எடுத்தார்கள். அப்படியும் பாடத்துக்கு உள்ளிருந்து ஒரு கேள்வி வந்துவிட்டால் போனஸ் மதிப்பெண் கேட்டு நிற்கிறோம். கேள்வித்தாளை மாற்றி என்ன பயன்? ஆறாம் வகுப்பில் கேள்வி கேட்கவிடாதவர்கள் நாம்தானே?

ஃபீஸ் கட்டுகிறோம், கேட்க உரிமை இல்லையா என்கிறீர்கள். இருக்கிறது. நானும்தான் கட்டுகிறேன். அந்த மிஸ்ஸிடம் நேரில் போய் ஏன் இப்படி நடத்துகிறீர்கள் என்று கேட்டிருக்கலாமே? குழுவில் வைத்து ஒரு மனுஷியைக் கிழித்தீர்கள். அவருக்காக நான் எழுதியதற்கு, "வாத்தியாருக்கு வாத்தியார் சப்போர்ட்" என்று ஒரு பதில். அதற்கு வரிசையாகக் கட்டைவிரல்கள். வீட்டுக்கு வந்து சாப்பிட்டவர்கள் போட்ட கட்டைவிரலும் அதில் இருக்கிறது. வலிக்கத்தான் செய்கிறது.

மகளின் அறிவியல் நோட்டை நேற்று பார்த்தேன். முழுக்க டிக்டேஷன். கேள்வி, பதில், கேள்வி, பதில். அந்த மிஸ் இனி எதற்கு ரிஸ்க் எடுக்கப் போகிறார்?

திங்கட்கிழமை காலை பிரின்சிபாலைப் பார்க்கப் போகிறேன். கடிதத்தைத் திருப்பிக் கொடுங்கள், ஆகஸ்டில் அந்த வகுப்பை மறுபடியும் மைதானத்துக்கு அனுப்புங்கள் என்று கேட்கப் போகிறேன். குழுவில் வாயைத் திறக்காமல் தனியாக எனக்கு மெசேஜ் போட்டவர்கள் கூட வாருங்கள்.