திமிங்கலத்தைத் திட்டாதீங்க, உங்க வயித்தைக் கேளுங்க!

செப்டம்பர் கடைசியில் பள்ளி விடுமுறை விட்டாலே தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தில் இதே கூத்துதான். காலையில் ஒரு குடும்பமே ஒரே கலர் டி-ஷர்ட்டில் சிரித்துக்கொண்டு திமிங்கலம் பார்க்கப் படகு ஏறும். ரெண்டு, மூணு மணி நேரம் கழித்து அதே குடும்பம் வெளிறிப்போன மூஞ்சியோடு இறங்கும். இறங்கினதும் முதல் பேச்சு: "ஏமாத்திட்டானுங்க, காசைத் திருப்பிக் கேளுங்க மாமா!"

யார் ஏமாற்றினது? விளம்பரத்தில் இருக்கிற படமா? முப்பது டன் உடம்பு முழுசாகத் தண்ணீருக்கு மேலே தொங்குகிற அந்தப் படத்தைப் பார்த்தா டிக்கெட் எடுத்தீர்கள்? திமிங்கலம் அப்படி எகிறுவது உண்மை. உங்களுக்காக, உங்கள் நேரத்துக்கு எகிறும் என்று யார் சொன்னது? பெரும்பாலும் எதிர்பார்க்கக்கூடியது வேறு: தூரத்தில் புகை மாதிரி ஒரு மூச்சு, பிறகு கறுத்த முதுகு, அதன்மேல் ஒரு குட்டித் துடுப்பு. இந்தப் பக்கம் வருவதில் பெரும்பாலானவை ஹம்ப்பேக் என்கிற கூன்முதுகுத் திமிங்கலம். ஜூன், ஜூலையில் மொசாம்பிக் பக்கம் வடக்கே போகும். செப்டம்பரிலிருந்து நவம்பர் வரை குட்டியோடு தெற்கே திரும்பும். வால் நேராக மேலே எழும்பினால் ஆழத்துக்கு முங்குகிறது என்று அர்த்தம். பத்து, பதினைந்து நிமிடம் ஆளைக் காணாது. சரியாக அந்த நேரத்தில்தான் நம்ம ஆட்கள் "இவ்வளவுதானா?" என்று குனிந்து வாட்ஸ்அப்பைத் திறப்பார்கள். அஞ்சே நிமிடம், குடல் வாய்க்கு வந்துவிடும்.

ஏன் வராது? உள்காது "ஆடுது, ஆடுது" என்கிறது. போனைப் பார்க்கிற கண் "ஒண்ணும் ஆடலையே" என்கிறது. இந்தச் சண்டைக்கு வயிறு தண்டம் கட்டுகிறது. அதனால்தான் தொடுவானத்தைப் பார் என்று தலைபாடாக அடித்துக்கொள்கிறார்கள். கேமராக் கண்ணாடி வழியாகவே ரெண்டு மணி நேரம் உலகத்தைப் பார்க்கிறவருக்கும் இதே கதிதான்.

மாத்திரை! இதை எத்தனை தடவை சொல்வது? படகு ஆட ஆரம்பித்த பிறகு விழுங்கினால், அது கரைவதற்குள் வெளியே வந்துவிடும். சின்னரிசின் என்றால் ஏறுவதற்கு ரெண்டு மணி நேரம் முன்னால் போட வேண்டும். தூக்கம் வரும், அதனால் திரும்பும்போது வேறு யாராவது காரை ஓட்டட்டும். பிள்ளைகளுக்கு எவ்வளவு என்பதை மருந்துக்கடைக்காரரிடம் கேளுங்கள்; பக்கத்து வீட்டு அக்காவிடம் வேண்டாம்.

அடுத்தது சாப்பாடு. ஒரு கூட்டம் முந்தின ராத்திரி மட்டன் கறி பன்னி சௌவை (ரொட்டியைக் குடைந்து உள்ளே கறி ஊற்றுகிற டர்பன் சாப்பாடு) ஒரு கை பார்த்துவிட்டு வரும். இன்னொரு கூட்டம் புரட்டாசி விரதம் என்று பச்சைத்தண்ணீர்கூடப் பல்லில் படாமல் வந்து ஏறும். ரெண்டும் ஒரே தப்பு. வெறும் வயிறும் குமட்டும், எண்ணெய் வயிறும் குமட்டும். ரெண்டு துண்டு ரொட்டியோ ஒரு வாழைப்பழமோ போதும், விரதத்துக்கும் பழுதில்லை. ஒரு துண்டு இஞ்சி மென்றால் இன்னும் நல்லது.

உட்காருவதிலும் கோளாறு. நன்றாகத் தெரியும் என்று மேல்தட்டுக்கு ஓடுகிறார்கள். உயரம் கூடக் கூட ஆட்டமும் கூடும். கடைசியில் போய் உட்கார்ந்தால் டீசல் புகை. ஆட்டம் குறைந்த இடம் கீழ்த்தட்டில் நடுப்பகுதி, கொஞ்சம் பின்னால் தள்ளி. வாந்தி வந்தால் கழிப்பறைக்குள் பூட்டிக்கொள்ளாதீர்கள். அங்கே தொடுவானம் கிடையாது, மோசமாகத்தான் ஆகும். காற்று முதுகில் அடிக்கிற பக்கமாகப் போய்க் கம்பியைப் பிடித்துக்கொள்ளுங்கள். காற்றுக்கு எதிர்ப்பக்கம் நின்று செய்கிற புண்ணியவான்களே, பின்னால் நிற்கிறவரும் காசு கொடுத்துத்தான் வந்திருக்கிறார்!

படகை ஓட்டுகிற ஸ்கிப்பர் "மூணு மணியில்!" என்று கத்துவார். உடனே பத்துப் பேர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்கள். ஐயா, படகின் மூக்குதான் பன்னிரண்டு மணி. வலது பக்கம் மூணு, வால் ஆறு, இடது பக்கம் ஒன்பது. இதைப் புறப்படும்போதே சொல்வார்கள். அப்போது செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தால் எப்படித் தெரியும்?

"இன்னும் கிட்டப் போங்க தம்பி" என்று ஸ்கிப்பர் உயிரை வாங்குகிறவர்கள்தான் எல்லாவற்றிலும் மோசம். தென்னாப்பிரிக்கச் சட்டப்படி அனுமதி இல்லாத படகு 300 மீட்டருக்குள் போகவே கூடாது. அனுமதி வாங்கின படகும் 50 மீட்டரோடு நின்றாக வேண்டும், அதுவும் 20 நிமிடத்துக்கு மேல் ஒரே திமிங்கலத்தோடு நிற்க முடியாது. பதினைந்து நிமிட முங்கல் ஒன்று விழுந்தால் மீதி என்ன மிஞ்சும், நீங்களே கணக்குப் போடுங்கள். துறைமுக வாயைத் தாண்டும்போது தெரிகிற பிளஃப் மேட்டின் அந்தப் பக்கம் 1975 வரை திமிங்கலத்தை வெட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த ஊரில் இருந்துகொண்டு 50 மீட்டர் தூரமாம், குறைப்படுகிறார்கள்!

காற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை. கரையை ஒட்டி அகுல்யாஸ் நீரோட்டம் தெற்கே ஓடுகிறது. தென்மேற்குக் காற்று அதன் முகத்தில் எதிர்த்து அடிக்கும்போது அலை செங்குத்தாக, சுவர் மாதிரி எழும். கரையில் வெயில் பளிச்சென்று அடிக்கும். துறைமுக வாயின் இரண்டு அலைதடுப்புச் சுவருக்கும் நடுவே வெளியே வந்த நொடியில் படகு தூக்கிப் போடும். இதற்குப் பயந்து பயணத்தை ரத்து செய்தால் அதற்கும் திட்டு! ரத்து செய்கிற ஸ்கிப்பர்தான் நல்ல ஸ்கிப்பர். வடகிழக்குக் காற்று பிற்பகலில்தான் வலுக்கும், அதனால் காலைப் படகையே பிடியுங்கள். "திமிங்கலம் தெரியாவிட்டால்" என்ன தருவார்கள் என்பதை டிக்கெட் எடுக்கும்போதே கேளுங்கள். காசா, இன்னொரு பயணமா என்பது எழுத்தில் இருக்கட்டும்.

இவ்வளவும் தலைவலி என்றால் ஒரு பைனாகுலரை எடுத்துக்கொண்டு டர்பனுக்கு வடக்கே இருக்கிற அம்லாங்கா கரையில் நில்லுங்கள். காற்றில்லாத காலையில் மூச்சு விடுவது அங்கிருந்தே தெரியும். டிக்கெட்டும் இல்லை, மாத்திரையும் இல்லை, முந்தின ராத்திரி பன்னி சௌவும் உங்கள் இஷ்டம்.