வடிநில மாதிரிகளை எதை வைத்து நம்புவது?

ஒரு வடிநிலத்தில், அதாவது ஓர் ஆற்றுக்கு நீர் வடிந்து சேரும் நிலப்பரப்பில், பெய்யும் மழையில் எவ்வளவு நீர், எப்போது ஆற்றை வந்தடையும் என்று கணிக்கும் கணினி மாதிரிகள் மீது எனக்குப் பெருமதிப்பு உண்டு. அணையின் மதகுகளைத் திறப்பது முதல் வெள்ள அபாய வரைபடம் தயாரிப்பது வரை பல முடிவுகள் இன்று அவற்றைச் சார்ந்தே எடுக்கப்படுகின்றன. ஆனால் ஒரு மாதிரி நல்லதா இல்லையா என்பதைப் பெரும்பாலும் ஒரேயொரு எண்ணே தீர்மானித்துவிடுவது எனக்குக் கவலையளிக்கிறது.

நீரியல் அறிஞர்களான நாஷும் சட்கிளிஃபும் 1970-இல் முன்வைத்த திறன் குறியீடே அந்த எண். கணிப்பும் அளவீடும் முற்றாகப் பொருந்தினால் அது 1. எல்லா நாள்களுக்கும் சராசரி ஓட்டத்தையே விடையாகச் சொல்வதற்குச் சமமாக மாதிரி இருந்தால் அது 0. பிழைகளை வர்க்கப்படுத்திக் கூட்டுவதால் வெள்ள நாள்களின் பிழைகளே இந்தக் குறியீட்டை ஆள்கின்றன. வறண்ட மாதங்களின் மெல்லிய ஓட்டத்தை மாதிரி இரு மடங்காகக் காட்டினாலும் குறியீடு பெரிதாக அசையாது. அதே மாதிரியைக் கொண்டு குடிநீர்த் திட்டம் வகுப்பது எவ்வளவு ஆபத்தானது!

இதைவிட ஆழமான சிக்கல் ஒன்று இருக்கிறது. மழையின் வேகம் மண்ணின் ஊடுருவல் திறனை மிஞ்சும்போது நீர் நிலத்தின் மேல் வழிந்தோடும் என்று நீரியல் அறிஞர் ராபர்ட் ஹார்ட்டன் 1933-இல் விளக்கினார். ஈரப்பதம் மிகுந்த காட்டுப் பகுதிகளிலோ, ஆற்றை ஒட்டிய தாழ்வான மண் ஏற்கெனவே நிறைந்துபோனதாலேயே நீர் வழிவது அதிகம். இவ்விரு வழிகளில் எதை அடிப்படையாகக் கொண்டாலும், அளவுருக்களை, அதாவது மண்ணின் இயல்பு போன்றவற்றைக் குறிக்க மாதிரியில் இடும் எண்களை, திருத்தித் திருத்தி, வடிநிலத்தை விட்டு ஆறு வெளியேறும் இடத்தில் அளந்த ஓட்டத்தோடு ஏறக்குறைய ஒரே அளவுக்குப் பொருந்தச் செய்துவிட முடியும். வெவ்வேறு அளவுருத் தொகுப்புகள் இப்படி ஒரே விடையைத் தருவதைக் நீரியல் அறிஞர் கீத் பெவன் நெடுங்காலமாக வலியுறுத்தி வருகிறார். காடு அழிக்கப்பட்டால் என்னவாகும் என்று கேட்கும்போதுதான் அவை வெவ்வேறு விடைகளைச் சொல்லத் தொடங்கும். அதுவரை எது சரி என்பதை அந்த ஒற்றை எண் காட்டிக்கொடுக்காது.

பொருத்திப் பார்க்கப் பயன்படும் அளவீடும் ஐயத்துக்கு அப்பாற்பட்டதன்று. அளவீட்டு நிலையங்களில் பெரும்பாலும் அளக்கப்படுவது நீர்மட்டம்தான். அதை ஓட்டமாக மாற்றும் வளைகோடு, நேரடியாக அளக்க முடிந்த மட்டங்களுக்கு அப்பால் ஊகத்தின் பேரில் நீட்டப்படுகிறது. பெருவெள்ளத்தின் உச்சம் பல நேரங்களில் அந்த நீட்சியில்தான் விழுகிறது. நில உயரத் தரவும் அப்படியே: 2000-இல் விண்கலத்திலிருந்து ரேடார் மூலம் திரட்டப்பட்ட உயரங்கள், அடர்ந்த காடுகளில் தரையை விட்டு மர உச்சிகளை நெருங்கிவிடுகின்றன. சமவெளியில் சில மீட்டர் பிழையே நீரோடும் திசையை மாற்றப் போதுமானது.

ஈரமான ஆண்டுகளில் சரிசெய்த மாதிரியை வறண்ட ஆண்டுகளில் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று நீரியல் அறிஞர் விட் கிளமேஷ் 1986-இலேயே எழுதினார். தட்பவெப்பம் மாறிவரும் இக்காலத்தில் அந்தச் சோதனை விருப்பத்துக்கு விடப்படக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. பொதுப்பணத்தில் உருவாகும் ஒவ்வொரு மாதிரியும், எந்த ஆண்டுகளின் தரவால் சரிசெய்யப்பட்டது, எந்த ஆண்டுகளில் தவறியது, அதன் கணிப்பு எந்த வரம்புகளுக்குள் மாறக்கூடும் என்பவற்றையும் சேர்த்தே வெளியிடப்பட வேண்டும். ஆற்றங்கரையில் வாழ்பவர்களுக்கும் அவை கிடைக்க வேண்டும்.