போர்டை மாற்றாமலே முடியும்

கணினியின் பிராசசர் ஐந்து வருடம் பழையது என்றால் மதர்போர்டு, ரேம் எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றிவிடச் சொல்கிறது, கணினியை மேம்படுத்துவது பற்றி நான் படித்த ஒரு கட்டுரை. இன்டெலில் பெரும்பாலும் சரிதான், இரண்டு மூன்று தலைமுறைக்குள் சாக்கெட்டே (போர்டில் பிராசசர் பொருந்தும் இடம்) மாறிவிடுகிறது. ஆனால் ஏஎம்டி நிறுவனத்தின் ஏஎம்4 சாக்கெட் உள்ள போர்டு வைத்திருப்பவர்களை இப்படிச் செலவில் இழுத்துவிடாதீர்கள்.

என்னிடம் இருந்தது பி450 என்ற ஏஎம்4 வகை போர்டில் ஏஎம்டியின் ரைசன் 3 2200ஜி பிராசசர். நான்கு கோர், நான்கு த்ரெட், அதாவது ஒரே நேரத்தில் நான்கு வேலைதான் ஓடும். பிரவுசரைத் திறந்து வைத்துக்கொண்டு வீடியோ எடிட் செய்தால் டாஸ்க் மேனேஜரில் சிபியு 100 சதவீதத்திலேயே நிற்கும். அதே போர்டில், அதே டிடிஆர்4 ரேமோடு ரைசன் 5 5600ஜி போட்டேன். ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட், அதே 65 வாட்; பவர் சப்ளையைத் தொடவே இல்லை. விண்டோஸ் 11 ஆதரவுப் பட்டியலில் 2200ஜி இல்லை, 5600ஜி இருக்கிறது. 2025 அக்டோபரில் விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிந்துவிட்டதால் இது சின்ன விஷயமில்லை.

பழைய சிப் போர்டில் இருக்கும்போதே பயாஸை (கணினியைத் துவக்கும், போர்டிலேயே இருக்கும் மென்பொருள்) அப்டேட் செய்துவிடுங்கள். இல்லையென்றால் புதியதைப் போட்டதும் திரை கறுப்பாகவே கிடக்கும். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாதவர்கள் 'ஜி' இல்லாத 5600-ஐ வாங்க வேண்டாம், அதற்குள் கிராபிக்ஸ் இல்லாததால் டிஸ்ப்ளே வராது.

அப்புறம், பழைய சிப்பைக் கழற்றும்போது அதன் மேலிருக்கும் கூலரை நேராக மேலே இழுக்காதீர்கள். இரண்டுக்கும் நடுவில் வெப்பம் கடத்தப் பூசும் பேஸ்ட் காய்ந்து ஒட்டியிருந்ததால் எனக்குச் சிப்பும் கூடவே வந்து, ஓரத்தில் இரண்டு பின் வளைந்துவிட்டது. பத்து நிமிடம் கணினியை ஓடவிட்டு, அணைத்து, சூடு ஆறுவதற்குள் கூலரை மெதுவாக இடம் வலமாகத் திருப்பினால் விட்டுவிடும்.

இன்னும் ஹார்டு டிஸ்க்கில் விண்டோஸ் வைத்திருப்பவர்கள் முதல் காசை எஸ்எஸ்டிக்குப் போடுங்கள், பிராசசர் அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்.