பாராட்டுத் தீர்மானம் வேறு, சட்டம் வேறு

"அமெரிக்காவில் மாநிலச் சட்டமன்றம் சிறந்த தொடக்கப்பள்ளி ஆசிரியர்களைக் கௌரவித்துத் தீர்மானம் போட்டுவிட்டது, இனி அவர்களுக்கு ஆயுள் முழுக்க வருமான வரியே கிடையாது" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. வரி பற்றிய பகுதி தவறு.

இப்படிப்பட்ட தீர்மானத்தில் ஆசிரியரின் பெயர், பள்ளி, அவர் செய்த பணி எல்லாவற்றையும் எழுதி அவை பாராட்டும், அவ்வளவுதான். அது பெரிய மரியாதை, அந்த ஆசிரியர்கள் அதற்கு முழுத் தகுதி உள்ளவர்கள். ஆனால் வரியில் கை வைக்க மசோதா வேண்டும். அது இரண்டு அவைகளிலும் (நெப்ராஸ்காவில் மட்டும் ஒரே அவை) நிறைவேறி ஆளுநரிடம் போக வேண்டும். அப்போதும் மத்திய அரசின் வருமான வரியை எந்த மாநிலமும் தள்ளுபடி செய்ய முடியாது.

பணப்பரிசு உள்ள விருதும் இருக்கிறது. கணிதம், அறிவியல் ஆசிரியர்களுக்காக 1983-இல் தொடங்கிய அதிபர் விருதில் 10,000 டாலர் தருகிறார்கள், ஆனால் அது மத்திய அரசு தருவது.

சந்தேகம் இருந்தால் அந்த மாநிலச் சட்டமன்றத்தின் அதிகாரபூர்வ இணையதளத்தில் தீர்மான எண்ணைப் போட்டுத் தேடுங்கள், முழு வாசகமும் கிடைக்கும். அந்தச் செய்தியில் எண்ணே இல்லையென்றால்? தயவுசெய்து ஃபார்வர்டு செய்யாதீர்கள், அனுப்பியவருக்கும் சொல்லிவிடுங்கள்.