ஆமாண்ணே, இன்ஜினியரிங் படிச்ச வக்கீல்தான்

அந்த நாற்பது விநாடி வீடியோவை ஞாயித்துக்கிழமை ராத்திரியிலிருந்து பதினோரு பேர் எனக்கு அனுப்பியாச்சு. அதுல நாலு பேர் சிரிக்கிற பொம்மையும் சேர்த்து. எதைச் சொல்றேன்னு உங்களுக்கே தெரியும். பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வழிகாட்டுறேன்னு மேடையேறி, "இன்ஜினியரிங் படிச்சு வேலை கிடைக்காம கறுப்புக் கோட்டு மாட்டிக்கிட்டுத் திரியிறாங்க பாருங்க, அப்படி ஆயிடாதீங்க"ன்னு அண்ணன் பேசுனாரு. மண்டபமே சிரிச்சது. பேர் சொல்லலையேன்னு எனக்குச் சமாதானம் வேற. தங்கச்சிமடத்துல மெக்கானிக்கல் முடிச்சிட்டு ராமநாதபுரம் கோர்ட்டுக்குப் பஸ் ஏறுறவன் எத்தனை பேருப்பா இருக்கோம்?

கோபப்படல. பொறுமையாவே சொல்றேன். படிச்ச படிப்பு வீணாப் போகல.

முதல்ல "வேலை கிடைக்காம"ங்கிறது பொய். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில தரக்கட்டுப்பாட்டுல மூணு வருஷம் இருந்தேன். பிடிக்கல, விட்டேன், மூணு வருஷ சட்டப்படிப்புல சேர்ந்தேன். நாலு அரியர் வச்சிருந்தது உண்மை. அதை எழுதி முடிச்சதும் உண்மை. ரெண்டாவதை யாரும் ஞாபகம் வச்சுக்கிறதில்ல.

வக்கீலுக்கு மெஷின் எதுக்குன்னு கேக்குறவங்களுக்கு ஒண்ணு. ஆபிரகாம் லிங்கன் வக்கீல்னு எல்லாருக்கும் தெரியும். மணல்திட்டுல தட்டுன படகைத் தூக்கி மிதக்கவைக்க ஒரு அமைப்பு கண்டுபிடிச்சு 1849-ல காப்புரிமை வாங்கினாரு, எண் 6469. எட்டு வருஷம் கழிச்சு, மிசிசிப்பி ஆத்து ரயில் பாலத்துல நீராவிக் கப்பல் மோதுன வழக்குல பாலத்துக்காரங்களுக்காக நின்னு, நீரோட்டம் எந்தப் பக்கம் எவ்வளவு வேகத்துல இழுக்கும்னு ஜூரிக்கு விளக்குனாரு. ஜூரி ஒத்துப்போகல, அது வேற கதை. நம்ம பழைய பாம்பன் பாலத்துல 2013-ல பார்ஜுங்கிற தட்டைக் கப்பல் வந்து மோதுனதைப் பார்த்த ஊர்க்காரங்க நாம. கடலும் இரும்பும் தெரிஞ்ச வக்கீல் வேண்டாம்னு சொல்ல இந்த ராமேஸ்வரம் தீவுல யாருக்கும் வாய் வரக்கூடாது.

"நீ என்ன லிங்கனா?"ன்னு கமெண்ட் வரும். இல்ல. நான் வாய்தா வாங்குற சாதாரண ஆள். என் கதையையே சொல்றேன்.

வடகடல்ல, அதாவது தீவுக்கு வடக்குப் பக்கக் கடல்ல, ராத்திரி ஒரு விசைப்படகு ஒரு வல்லத்தை, சின்ன நாட்டுப்படகை, அடிச்சிருச்சு. வலையும் போச்சு, வல்லமும் போச்சு. கரையிலிருந்து மூணு கடல் மைலுக்குள்ள விசைப்படகு தொழில் பண்ணக்கூடாதுன்னு 1983 சட்டம் இருக்கு. எதிர்த்தரப்பு சர்வேயர் ரிப்போர்ட்டுல சம்பவ இடம் மூணு மைலுக்கு வெளிய. போட்டோ, சீல், கையெழுத்து எல்லாம் சுத்தம். நான் வல்லத்துக்காரருக்கு ஆஜர். எங்கப்பா விசைப்படகு டிரைவர், அதனால வீட்டுல ரெண்டு நாள் பேச்சுவார்த்தை கிடையாது.

ரிப்போர்ட்டுல ஒட்டியிருந்த ஜிபிஎஸ் போட்டோவை லென்ஸ் வச்சுப் பார்த்தேன். திரையில அட்சரேகை 9 டிகிரி, 20.50 நிமிஷம். ரிப்போர்ட்டுல 9 டிகிரி, 20 நிமிஷம், 50 விநாடி.

குறுக்கு விசாரணையில கேட்டேன். "ஐயா, ஒரு நிமிஷத்துக்கு எத்தனை விநாடி?"

"அறுபது." கொஞ்சம் இளக்காரமாத்தான் சொன்னாரு.

"அப்ப அரை நிமிஷத்துக்கு?"

"முப்பது."

"புள்ளி ஐம்பதுன்னா அரைதானே? நீங்க ஏன் ஐம்பது விநாடின்னு எழுதியிருக்கீங்க?"

அவர் ரிப்போர்ட்டைத் திருப்பினாரு. திரும்பவும் திருப்பினாரு. டைப்பிஸ்ட் பதிலுக்காகக் கையைத் தூக்கி வச்சுக்கிட்டே உக்காந்திருந்தாங்க. இருபது விநாடி வித்தியாசம்னா கடல்ல 617 மீட்டர். அந்த 617 மீட்டரை வடக்கே தள்ளித்தான் படகு மூணு மைலுக்கு வெளிய போயிருந்தது.

இதுக்குப் பேருதான் கோட்டு மாட்டிக்கிட்டுத் திரியிறது.

இங்க நேர்மையா ஒண்ணு சொல்லணும். அந்தப் புள்ளியைப் படிக்க எனக்குக் காலேஜ்ல யாரும் சொல்லித் தரல. எங்கப்பா ஜிபிஎஸ் பாயிண்டையெல்லாம் பழைய பள்ளிக்கூட நோட்டுல எழுதி வைப்பாரு. எங்க பார், அதாவது கடலடிப் பாறை, இருக்கு, எங்க வலை கிழியும்னு பக்கம் பக்கமா. நனைஞ்சு போன நோட்டைப் புதுசுல பார்த்து எழுதுறது என் வேலை. புள்ளியை விட்டுட்டு எழுதுனா மண்டையில குட்டு விழும். கேஸ் அன்னைக்கு முந்தின ராத்திரி பேச்சுவார்த்தை இல்லாமலே அந்த நோட்டை எடுத்து என் மேஜையில வச்சுட்டுப் போனதும் அவர்தான்.

"அப்ப இன்ஜினியரிங் எதுக்கு?"ன்னு உடனே பிடிப்பீங்க. பிடிங்க. யார் சீல் அடிச்சிருந்தாலும் நீ ஒரு தடவை அளந்து பாருங்கிற புத்தி அந்தக் கம்பெனியில வந்தது. போதுமா?

ஜூனியருக்கு வருமானம் இல்லைங்கிறது நியாயமான கேள்வி. ரெண்டு வருஷம் சீனியர் தந்த பஸ் காசுல ஓட்டுனேன், அம்மா செயின் ரெண்டு தடவை அடகுக்குப் போச்சு. அதுக்கு என்கிட்ட பதில் இல்ல. ஆனா அதைச் சொல்லிப் பிள்ளைகளைப் பயமுறுத்தியிருக்கலாமே? என்னைக் காட்டி ஏன் சிரிக்க வைக்கணும்?

அந்த வீடியோவை எங்கப்பாவும் பார்த்துட்டாரு. வலை பொத்திக்கிட்டு இருந்தவர்கிட்ட பக்கத்துல இருந்த பையன் காட்டியிருக்கான். சாயங்காலம் வந்து, "தம்பி, இவரு உன்னையவா சொல்றாரு?"ன்னு கேட்டாரு. பொதுவாச் சொல்றாருப்பான்னேன். "ம்"னுட்டு கைகால் கழுவப் போயிட்டாரு. அன்னைக்குச் சாப்பிடும்போது ஒரு வார்த்தை பேசல.

அண்ணனுக்குக் கடைசியா ஒரு சேதி. 2024 ஜூலை 1-லிருந்து புது சாட்சியச் சட்டம். கேமரா பதிவைக் கோர்ட்டுல கொடுக்கணும்னா 63-வது பிரிவுச் சான்றிதழ் வேணும், அதுல ஹாஷ் மதிப்பு, அதாவது பதிவுல கைவச்சா மாறிடுற அடையாள எண், எழுதணும், ரெண்டாவது பகுதியில நிபுணர் கையெழுத்துப் போடணும். இதெல்லாம் தெரியாம ஒருத்தர் போன வருஷம் ராத்திரி ஒன்பது மணிக்கு பென் டிரைவோட என் ஆபீஸ் படியேறி, "தம்பி, நீ இன்ஜினியரிங் படிச்சவனாச்சே, உனக்குத்தான் இது புரியும்"னாரு. என்ன கேஸ்னு சொல்ல மாட்டேன், தொழில் தர்மம். பேரும் சொல்லல, பார்த்துக்கோங்க.

அந்த ஃபீஸ்ல பாதி இன்னும் பாக்கிண்ணே.