காணாமல் போன ஃபீல்டுக்கு ஒரு எரர் கூடவா வராது?

கோ என்ற புரோகிராமிங் மொழியில் பேக்எண்டு (சர்வர் பக்கக் கோடு) எழுதுகிறவர்களுக்கு நான் சொல்லப்போவது நன்றாகவே தெரிந்திருக்கும். டேட்டாபேஸிலிருந்து வரும் ஆர்டர் ஒரு டைப் (தரவின் வடிவம்), உள்ளே லாஜிக் ஓடும் ஆர்டர் இன்னொரு டைப், சர்வீஸ்கள் பேசிக்கொள்ளும் ஜிஆர்பிசி வழியாக வெளியே போகும் ஆர்டர் மூன்றாவது டைப், டெலிவரி பார்ட்னருக்கு ஜேசன் என்ற டெக்ஸ்ட் வடிவில் அனுப்பும் ஆர்டர் நான்காவது டைப். நான்கிலும் அதே வாடிக்கையாளர், அதே முகவரி, அதே தொகை. இதிலிருந்து அதற்கு, அதிலிருந்து இதற்கு என்று வரிவரியாகக் காப்பி பண்ணும் கோடுதான் எங்கள் ரெப்போவில் பாதி. இதை யாரும் ஆசையாக எழுதுவதில்லை. அதனால் ஒரு டூல் எழுதித் தரட்டும் என்று நினைப்பதில் எந்தத் தப்பும் இல்லை, நானும் அந்தக் கட்சிதான். 2014 டிசம்பரில் கோ 1.4 வெளியானபோதே இப்படிக் கோடு எழுதும் டூல்களை ஓட்டும் கோ ஜெனரேட் கமாண்டும் வந்துவிட்டது. 2022இல் 1.18 உடன் பல டைப்புக்கும் ஒரே கோடு எழுத உதவும் ஜெனரிக்ஸ் வந்தபோது இந்தத் தொல்லை தீரும் என்று சிலர் நம்பினார்கள், தீரவில்லை. ஒரு ஸ்ட்ரக்டின் (பல மதிப்புகளைச் சேர்த்து வைக்கும் டைப்) ஃபீல்டுகளை (அதிலுள்ள தனித்தனி மதிப்புகள்) ஒவ்வொன்றாக எடுத்து அடுத்த ஸ்ட்ரக்டில் வைக்க ஜெனரிக்ஸால் முடியாது. ஆக இன்றைக்கும் மூன்று வழிதான். கையால் எழுது, புரோகிராம் ஓடும்போது தன் டைப்பைத் தானே பார்க்கும் ரிஃப்ளெக்‌ஷனில் பண்ணு, இல்லையென்றால் டூலை வைத்துக் கோடு ஜெனரேட் பண்ணு.

என் கோபம் டூல் மேல் இல்லை. பொருந்தாத ஒரு ஃபீல்டைப் பார்த்தால் வாயை மூடிக்கொண்டு தாண்டிப் போகிறதே, அந்த மௌனத்தின் மேல்தான்.

கோ மொழியில் ஒரு ஃபீல்டுக்கு நீங்கள் எதுவும் கொடுக்காவிட்டால் அதன் ஜீரோ வேல்யூ வந்து உட்கார்ந்துகொள்ளும். ஸ்ட்ரிங் என்றால் வெறும் ஸ்ட்ரிங், இன்ட் என்றால் 0, பாயின்டர் என்றால் நில் (எதையும் சுட்டாத மதிப்பு). பல இடங்களில் இது அருமையான விஷயம், நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரு டைப்பிலிருந்து இன்னொரு டைப்புக்கு மாற்றும் இடத்தில் இது விஷம். பத்தொன்பது ஃபீல்டு காப்பியாகி இருபதாவது விட்டுப்போனால் கம்பைலர் கேட்காது, தப்பு தேடும் கோ வெட் டூல் கேட்காது, டெஸ்ட்டும் அந்த ஃபீல்டைத் தனியாகப் பார்த்தாலொழிய கேட்காது. எல்லாம் பச்சை. டிப்ளாய் ஆகிவிடும்.

நான் வேலை செய்யும் இடத்தில் இதற்கென்றே உள்ளுக்குள் செய்த ஒரு ஜெனரேட்டர் இருக்கிறது. டெக்ஸ்ட் டெம்ப்ளேட்டை வைத்து யாரோ எழுதியது, எழுதியவர் எப்போதோ வேலையை விட்டுப் போய்விட்டார். இரண்டு ஸ்ட்ரக்டைக் கொடுத்தால் ஒரே பெயர், ஒரே டைப் உள்ள ஃபீல்டுகளுக்கு மட்டும் காப்பி வரி எழுதும். பெயர் பொருந்தாதா? எரர் இல்லை, வார்னிங் இல்லை, ஒரு கமெண்ட் கூட இல்லை. அடுத்த ஃபீல்டுக்குப் போய்விடும். போன வருடக் கடைசியில் வேறொரு டீம் புரோட்டோ ஃபைலில் (ஜிஆர்பிசி டைப்புகளை எழுதி வைக்கும் இடம்) யூனிட் நோ என்றிருந்த ஃபீல்டை யூனிட் நம்பர் என்று மாற்றியது. புரோட்டோபஃப் என்ற அந்த வடிவத்தில் நெட்வொர்க்கில் போவது ஃபீல்டின் எண்தான், பெயர் போவதில்லை, அதனால் அவர்கள் பக்கம் எதுவும் உடையவில்லை. எங்கள் பக்கம் ஜெனரேட்டரை மறுபடி ஓட்டினார்கள். முகவரியில் அந்த ஒரு வரி மட்டும் மறைந்துபோனது. ஆயிரக்கணக்கான வரி டிஃப் (மாற்றங்களின் பட்டியல்) உள்ள ஜெனரேட்டட் ஃபைல், தலையிலேயே 'எடிட் செய்யாதே' என்று எழுதியிருக்கும் ஃபைல், கிட்ஹப்பில் ரிவ்யூ பண்ணும்போது மடக்கிக் காட்டப்படும் ஃபைல். அதில் ஒரு வரி போனதை யார் கண்ணால் பார்ப்பார்கள்?

சிங்கப்பூரில் யூனிட் நம்பர் இல்லாத முகவரி என்றால் என்ன என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அஞ்சல் குறியீடு உங்களைப் புளோக்கின் வாசல் வரை கொண்டுபோய் விடும், அதற்கு மேல் ஒன்றும் சொல்லாது. ஒரு வீவக (அரசு வீடமைப்பு) புளோக்கில் நூற்றுக்கும் மேற்பட்ட வீடுகள் இருக்கும். எந்த மாடி, எந்தக் கதவு என்று தெரியாமல் ரைடர் வாய்ட் டெக்கில் (புளோக்கின் திறந்த கீழ்த்தளம்) பார்சலோடு நிற்கிறார். ஆபரேஷன்ஸுக்குப் போன் பண்ணி, "அண்ணே, புளோக் இருக்கு, மாடி எங்க?" என்று கேட்டவர்கள் ஒருவர் இருவர் இல்லை. எண்ணிக்கையை வைத்துச் சம்பளம் வாங்குகிறவர்கள் அவர்கள். அந்த மழையில், அந்த நேரத்தில், எங்கள் ஜெனரேட்டர் விழுங்கிய ஒரு வரிக்காக அவர்கள் வாடிக்கையாளருக்குப் போன் போட்டு, எடுக்காதவர்களுக்காகக் காத்திருந்து, அடுத்த டெலிவரிக்கும் லேட்டாகிப் போனார்கள். வயதானவர்கள் சிலர் தெரியாத நம்பரை எடுப்பதே இல்லை, மோசடி அழைப்புகள் அந்த அளவுக்குப் பயமுறுத்தி வைத்திருக்கின்றன. அவர்களுக்கான பார்சல் எல்லாம் திரும்பி வந்தது.

இதையெல்லாம் மீட்டிங்கில் சொன்னால் வரும் பதில் இருக்கிறதே, அதுதான் என்னை இன்னும் கொதிக்க வைக்கிறது. "டெஸ்ட் எழுதியிருக்கணும் அண்ணே." சரி, எழுதலாம். ஆனால் ஒவ்வொரு ஃபீல்டுக்கும் கையால் டெஸ்ட் எழுத வேண்டுமென்றால் அந்த நேரத்தில் காப்பி வரியையே கையால் எழுதிவிடலாமே, அப்புறம் ஜெனரேட்டர் எதற்கு?

இன்னொரு கட்சி, கையாலேயே எழுதுங்கள் என்று சொல்லும் கட்சி. கொஞ்சம் டிபென்டென்சியைவிடக் (பிறர் கோடைச் சார்ந்திருப்பது) கொஞ்சம் காப்பி மேல் என்று, கோ மொழியை உருவாக்கியவர்களில் ஒருவரான ராப் பைக் 2015இல் சொன்னதைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். ராப் பைக் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் கையால் எழுதினாலும் அதே மௌனம்தானே? பெயர் போட்டு எழுதும் ஸ்ட்ரக்ட் லிட்டரலில் (ஸ்ட்ரக்டை மதிப்புகளோடு எழுதும் இடம்) நாளைக்குப் புதிதாக ஒரு ஃபீல்டு சேர்ந்தால் பழைய வரிகள் எல்லாம் அப்படியே கம்பைல் ஆகும், புது ஃபீல்டு காலியாகப் போகும். பெயர் போடாமல் வரிசையாக எழுதினால் கம்பைலர் எண்ணிக்கை குறைகிறது என்று கத்தும், உண்மைதான். ஆனால் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஸ்ட்ரிங் இருந்து இடம் மாறினால் அதுவும் கத்தாது, தெருப் பெயரில் கட்டடப் பெயர் போய் உட்காரும்.

ரிஃப்ளெக்‌ஷன் கதை இதைவிட மோசம். காப்பியர் லைப்ரரியை எடுத்துக்கொள்ளுங்கள், ஏகப்பட்ட பேர் பயன்படுத்துவது. ஒரே பெயர் உள்ள ஃபீல்டுகளைக் காப்பி பண்ணும், மற்றதை விட்டுவிடும். கட்டாயம் காப்பியாக வேண்டும் என்றால் நீங்கள்தான் ஒவ்வொரு ஃபீல்டிலும் மஸ்ட் என்று டேக் (குறிப்பு) போட வேண்டும். டேக் போட நினைவிருக்கிறவனுக்கு அந்த ஃபீல்டும் நினைவிருக்கும். மறந்துபோகும் ஃபீல்டுக்குத்தானே பாதுகாப்பு வேண்டும்? அடுத்து ஜேசன் வித்தை. ஒரு ஸ்ட்ரக்டை ஜேசனாக்கி, அந்த ஜேசனை இன்னொரு ஸ்ட்ரக்டில் கொட்டுவது. வேலை செய்வது போலவே தெரியும். தெரியாத கீயை (ஜேசனில் வரும் ஃபீல்டு பெயர்) டிகோடர் இயல்பாகவே கண்டுகொள்ளாமல் விடும், வேண்டாம் என்றால் நாமாகத் தடை போட வேண்டும். ஜேசனில் போகக்கூடாது என்று டேக் போட்ட ஃபீல்டு நடுவிலேயே செத்துப்போகும். இதையே மேப் (பெயரும் மதிப்புமான பட்டியல்) வழியாகப் பண்ணினால் எண்கள் ஃப்ளோட் 64 (தசம எண் டைப்) ஆகிவிடும், 9,007,199,254,740,992க்கு மேல் போகும் ஐடியின் கடைசி இலக்கங்கள் மாறிவிடும். வேறு யாருடைய ஆர்டரையோ தேடிக்கொண்டிருப்பீர்கள்.

பெயரை வைத்துப் பொருத்துவது என்ற யோசனையே எவ்வளவு பலவீனமானது என்பதற்கு ஐடியே போதும். யூசர் ஐடி என்று கோ மொழியில் எழுதினால் ஐ, டி இரண்டும் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும் என்பது மரபு, கோடிலுள்ள குறைகளைச் சொல்லும் லின்டரும் அதைத்தான் கேட்கும். எஸ்க்யூஎல்சி டூல் டேட்டாபேஸ் டேபிளிலிருந்து அப்படித்தான் ஜெனரேட் பண்ணித் தரும். புரோட்டோபஃப் ஜெனரேட்டரோ டி-யைச் சிறிய எழுத்தில் போடும். இரண்டுமே மெஷின் எழுதிய கோடு, இரண்டையும் நான் தொடக்கூடாது, நடுவில் மூன்றாவது மெஷின் வந்து பெயர் பொருந்தவில்லை என்று ஐடியையே விட்டுவிட்டுப் போகிறது. எந்தச் சிஸ்டத்திலும் முதல் முக்கியமான ஃபீல்டு அதுதான்!

டைப் மாறும் இடத்தில் டூல் அதிகப்பிரசங்கித்தனமாக நடந்துகொள்வதும் உண்டு, அதையும் விட மாட்டேன். எங்கள் ஜெனரேட்டரில் யாரோ பிற்பாடு ஒரு வசதி சேர்த்தார்கள். இந்தப் பக்கம் ஸ்ட்ரிங், அந்தப் பக்கம் இன்ட் என்றால் தானாகவே மாற்றிவிடும். சிங்கப்பூரில் 1995லிருந்து அஞ்சல் குறியீடு ஆறு இலக்கம். ராஃபிள்ஸ் பிளேஸ், சிசில் ஸ்ட்ரீட் பக்கமெல்லாம் அது 0வில்தான் தொடங்கும். இன்ட் ஆக்கினால் முன்னால் இருக்கும் 0 போய் ஐந்து இலக்கமாகிவிடும். பார்ட்னர் நிறுவனத்தின் ஸ்ட்ரக்டில் அதை இன்ட் என்று வைத்தவரைச் சொல்வதா, கேட்காமல் மாற்றிக் கொடுத்த டூலைச் சொல்வதா? ஊரிலேயே அதிக அலுவலகங்கள் இருக்கும் பகுதி அது.

பெயர் விஷயம் இன்னும் நெருக்கமானது. நம் ஆட்கள் பலருக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. அடையாள அட்டையில் தன் பெயர், நடுவில் எஸ்/ஓ (மகன்) அல்லது டி/ஓ (மகள்), அப்புறம் அப்பா பெயர். எங்கள் ஸ்ட்ரக்டில் முழுப்பெயர் ஒரே ஃபீல்டு, பார்ட்னரின் ஸ்ட்ரக்டில் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு. இதை எந்த டூலாலும் முடிவு பண்ண முடியாது, முடிவு பண்ணவும் கூடாது. ஆனால் "இதை என்னால் மாற்ற முடியவில்லை, நீ சொல்" என்று நின்று கேட்கலாமே! எங்களுடையது கேட்கவில்லை. கடைசிப் பெயர் காலியாகப் போனது, அந்தப் பக்கம் வேலிடேஷனில் ஆர்டர் விழுந்தது. பிறகு யாரோ அவசரத்துக்கு ஸ்பேஸ் வைத்துப் பிரித்துக் கடைசித் துண்டை எடுத்து வைத்தார்கள். அப்பா பெயரால் அழைத்து மெசேஜ் போனது. எங்கள் அப்பா காலமாகி வருடங்களாகிறது, அவர் பெயருக்கு 'உங்கள் பார்சல் வந்துகொண்டிருக்கிறது' என்று என் போனிலேயே வந்தது. இதைப் பார்த்து அம்மா என்னிடம் என்ன கேட்டார் என்று இங்கே எழுத எனக்கு மனமில்லை.

இத்தனைக்கும் சரியாகச் செய்ய முடியாத விஷயம் இல்லை இது. சர்வர்களில் ஓடும் கன்டெய்னர்களை நிர்வகிக்கும் குபெர்னெட்டிஸ் திட்டத்தில் ஒவ்வொரு ஏபிஐ வெர்ஷனுக்கும் தனித்தனி டைப். அதற்கென்று கன்வெர்ஷன் ஜென் என்ற டூல் வைத்திருக்கிறார்கள். எதிர்ப்பக்க டைப்பில் ஒரு ஃபீல்டு இல்லையென்றால், இதற்குக் கையால் எழுதிய கன்வெர்ஷன் வேண்டும் என்று வார்னிங் கமெண்ட் எழுதிவிட்டு, வெளியே கூப்பிட வேண்டிய ஃபங்ஷனைத் தராமல் நிறுத்திக்கொள்ளும். நீங்கள் அதை எழுதும் வரை கம்பைலே ஆகாது. அதோடு நிற்காமல் டைப்பில் கண்டபடி மதிப்புகளைப் போட்டு அங்கே மாற்றி இங்கே திருப்பி, முதலில் இருந்ததே வருகிறதா என்றும் டெஸ்ட் ஓட்டுகிறார்கள். கோவர்ட்டர் என்ற டூலும் அப்படித்தான். எதை எதற்கு மாற்ற வேண்டும் என்று நீங்கள் இன்டர்ஃபேஸ் எழுதிக் கொடுத்தால் கோடு தரும், சேர வேண்டிய டைப்பில் ஒரு ஃபீல்டுக்கு எதிலிருந்து எடுப்பது என்று தெரியாவிட்டால் எரர் கொடுத்து நிற்கும். பாயின்டரிலிருந்து சாதா டைப்புக்கு மாற்றச் சொன்னால், நில் வந்தால் என்ன செய்வது என்று சொல்லும் வரை ஒத்துக்கொள்ளாது. ஜாவாக்காரர்களின் மேப்ஸ்ட்ரக்ட் கூடப் பொருந்தாத ஃபீல்டுக்கு வார்னிங்காவது கொடுக்கும்.

டூலே இல்லாமலும் வழி இருக்கிறது. இரண்டு ஸ்ட்ரக்டும் ஒரே பெயர், ஒரே டைப், ஒரே வரிசையில் ஃபீல்டு வைத்திருந்தால் நேரடியாக டைப் கன்வெர்ஷன் எழுதலாம். 2017இல் வந்த கோ 1.8லிருந்து டேக் வேறாக இருந்தாலும் பரவாயில்லை. ஒரு பக்கம் ஃபீல்டு கூடினால் உடனே கம்பைலர் அடிக்கும். முடியாத இடத்தில் எக்ஸாஸ்ட்ரக்ட் லின்டரைக் கன்வெர்ட்டர் பேக்கேஜுக்கு மட்டும் போடுங்கள், லிட்டரலில் ஒரு ஃபீல்டு விட்டுப்போனால் சொல்லிவிடும். ரெப்போ முழுக்கப் போட்டால் டீமே உங்களை வெறுக்கும்.

கோ ஜெனரேட்டிலும் அதே மௌனம் ஒன்று இருக்கிறது. கோ பில்டு அதைத் தானாக ஓட்டாது, நாம்தான் ஓட்ட வேண்டும். அதற்கான கமெண்டில் இரண்டு சாய்கோட்டுக்கு அப்புறம் ஒரு ஸ்பேஸ் விட்டால் போதும், அது சாதாரண கமெண்டாகிவிடும், சத்தமே வராது. அதனால் ஒவ்வொரு மாற்றத்தையும் தானாகச் சோதிக்கும் சிஐயில் ஜெனரேட்டை ஓட்டிக் கிட் டிஃப் வந்தால் பில்டை உடைக்கச் சொல்லி நான்தான் சண்டை போட்டுச் சேர்த்தேன்.

இப்போது புதிதாக, "ஏஐ எழுதிடும்ல" என்கிறார்கள். முதல் தடவை நன்றாகவே எழுதும், நானும் எழுத வைக்கிறேன். ஆறு மாதம் கழித்து இன்னொரு டீம் ஒரு ஃபீல்டைச் சேர்க்கும் அன்றைக்கு யார் வந்து சொல்வார்கள்? கேள்வி எப்போதும் அதேதான்.

எங்கள் ஜெனரேட்டரைத் தூக்கிவிட்டுக் கோவர்ட்டருக்கு மாறலாம் என்று ஒருவழியாக ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். மாற்றும் முதல் பிஆரை, அதாவது ரிவ்யூவுக்கு வந்த மாற்றத்தை, திறந்து பார்த்தால் கன்வெர்ட்டரின் தலையிலேயே இக்னோர் மிஸ்ஸிங், அதாவது பொருந்தாத ஃபீல்டை எல்லாம் விட்டுவிடு என்று, போட்டு வைத்திருக்கிறார்கள், எரர் நிறைய வருகிறதாம்! அந்த எரர் ஒவ்வொன்றும் இன்று வரை காணாமல் போய்க்கொண்டிருந்த ஒரு ஃபீல்டு. வேண்டாத ஃபீல்டு என்றால் அதன் பெயரைச் சொல்லித் தனியாக இக்னோர் போடு, ஏன் வேண்டாம் என்று பக்கத்தில் ஒரு வரி எழுது. மொத்தமாகப் போர்வை போட்டு மூடும் அந்த வரி இருக்கும் வரை நான் அப்ரூவ் பண்ண மாட்டேன் என்று பிஆரிலேயே எழுதிவிட்டேன்.